மடியில் வைத்த காது

என் தம்பி அப்பாவுவுக்கு மீசை மட்டும் இல்லாமல் இருந்தால் எங்களுக்குள் பாதிச் சண்டை வந்திருக்காது. மேலுதட்டை முழுசாக மூடிக்கொண்டு தொங்குகிற மீசை. மற்றவர்கள் நேருக்கு நேராகப் பேசினால் உதட்டைப் பார்த்து ஓரளவு பிடித்துக்கொள்வேன். அவன் பேசினால் மீசைதான் ஆடும். அதனால் என்னிடம் கையாலேயே பேசுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வாசலில் செருப்பை விடும்போதே காதைத் தொட்டுக் காட்டினான், வாயில் விரலை வைத்தான், பிறகு பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்தான். காது கேட்காது என்று காட்டிக்கொள்ளாதே, வாயைத் திறக்காதே, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திரு. அவ்வளவுதான் செய்தி.

என் மகள் பூமிகாவைப் பார்க்க ஊத்துக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள் அது. அப்பாவு கையால் சொன்னதில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று பூமிகா என் எதிரில் வந்து நின்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

"அம்மாவுக்குக் காது கேக்காதுன்னா பொண்ணுக்கும் அப்படி வருமோன்னு நெனப்பாங்களாம். கல்யாணம் முடியற வரிக்கும் தெரியவேணாம்னு மாமா சொல்றாரு. மெஷினையும் மாட்டிக்காத."

"நீ இன்னா சொல்ற?"

"அவரு சொல்றதும் கரெக்டுதானம்மா."

எனக்குச் சுருக்கென்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச காலமாக எனக்கு எதுவுமே அப்படி வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படி. சரி என்று தலையாட்டிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் காது பரம்பரையில் போன காது இல்லை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் போன காது. மெஷின் இறங்குகிற ஒவ்வொரு அடிக்கும் தரையே எகிறும். காதில் வைத்துக்கொள்ள ஸ்பாஞ்சு கொடுத்தார்கள். வேர்வையில் ஊறிப்போய் அரிக்கும். எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வேலை பார்ப்போம். உள்ளே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது, எல்லோருக்கும் கைஜாடைதான். அதனால் அங்கே இருந்த வரை எனக்குக் காது போய்க்கொண்டிருப்பதே தெரியவில்லை. கேட்டைத் தாண்டி வெளியே வந்தால்தான் நான் செவிடி. பஸ்ஸில், ரேஷன் கடையில், வீட்டில்.

அந்தச் சம்பளத்தில்தான் பூமிகா டிப்ளமோ படித்தாள். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் லேப் வேலை. இரும்பு எந்தக் கலவையில் இருக்கிறது என்று மெஷினில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் சரி என்றால்தான் லோடு வெளியே போகும். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, சத்தமே இல்லாத இடம். எங்கள் வகையறாவில் கம்பெனிக்குள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் அவள்தான். என் காதைக் கொடுத்து வாங்கிய நாற்காலி அது. அதனால் மாப்பிள்ளை தேட ஆரம்பித்தபோதே அப்பாவுவிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தேன். கறுப்போ சிவப்போ, சொந்த வீடோ வாடகை வீடோ, நான் எதுவும் கேட்க மாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போக வேண்டும். அதில் கை வைத்தால் சம்பந்தம் வேண்டாம்.

மெஷின் என்று பூமிகா சொன்னது காதில் மாட்டுகிற மெஷினை. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். மாட்டினால் பேச்சு கேட்பதற்கு முன்னால் பாத்திரம் கேட்கும், ஃபேன் கேட்கும், தெருவில் போகிற லாரி தலைக்குள் ஏறி இறங்கும். மறுபடியும் பிரஸ் ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்திய மாதிரி இருக்கும். அதை என் காதுக்கு ஏற்ற மாதிரி திருத்தி வைக்க வேண்டுமாம், சும்மா மாட்டினால் போதாதாம். அடுத்த நாள் திங்கட்கிழமை அதற்காக வரச் சொல்லியிருந்தார்கள். பூமிகா லீவு சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி, பேங்க் எதற்கும் அவள்தான் கூட வர வேண்டும்.

மெஷினைவிட எனக்கு உபயோகமானது போன். காது போனதும் என்னைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அங்கே என் பக்கத்தில் நிற்கிற ஆரோக்கியமேரிதான் அதில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். யாராவது பேசினால் அது பெரிய எழுத்தில் எழுதிக் காட்டும். எங்கள் லைனில் ஒரிசாக்காரப் பிள்ளைகள், பீகார்ப் பிள்ளைகள், தடாவிலிருந்து வருகிற தெலுங்குக்காரச் சூப்பர்வைசர் என்று எல்லாம் கலந்த கூட்டம். யார் எந்த மொழியில் பேசினாலும் தமிழில் காட்டு என்று அதில் ஒரு இடத்தில் தட்டி வைத்தாள். அன்றிலிருந்து எல்லோரும் எனக்குத் தமிழில்தான் பேசுகிறார்கள். அதுவும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ். எங்கள் சூப்பர்வைசர் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தை. போனில் பார்த்தால், "தயவுசெய்து பெட்டியை விரைவாக ஒட்டுங்கள்" என்று வரும். நம்ம ஊர்ப் பேச்சையும் அது திருத்தித்தான் எழுதும்.

பேச்சு மட்டுமில்லை, சத்தத்தையும் சொல்லும். நாய் குரைக்கும் சத்தம், இருமல் சத்தம், தண்ணீர் ஓடும் சத்தம் என்று கீழே சின்னதாக எழுதும். சில சமயம் உளறும். நான் கடுகு தாளித்தால், "கைதட்டல் சத்தம்" என்று காட்டும். என் சமையலுக்குக் கைதட்ட வேறு யார் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

இந்த ஆப் வருவதற்கு முன்னால்தான் என் வீட்டுக்காரர் அருணாச்சலம் போனார். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வாசலில் பறை அடித்தார்கள், எனக்கு நெஞ்சுக்கூட்டில் மட்டும் திம் திம் என்று இருந்தது. பெண்கள் வந்து கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார்கள், மூடினார்கள், திறந்தார்கள். ஒப்பாரியில் என்ன சொன்னார்கள் என்றுகூடத் தெரியாது. கேட்டிருந்தால் எனக்கும் அழுகை வந்திருக்குமோ என்னவோ. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கன்னியம்மா கல்லு, கல்லேதான் என்று பேசிக்கொண்டார்களாம். பூமிகா பிறகு சொன்னாள். அதைக் கேட்டபோதும் எனக்கு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். மாப்பிள்ளை வசந்தகுமார், அவனுடைய அம்மா திலகவதி, திலகவதியின் அக்கா முத்தம்மாள். பையன் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான், பூமிகாவைவிடக் கூச்சப்பட்டான். எங்கள் ஆட்களிலேயே ஆந்திர எல்லைப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். வெளியாட்களிடம் தமிழ், தங்களுக்குள் தெலுங்கு. நாங்கள் மணவாள நகர்க்காரர்கள், எங்களில் யாருக்கும் அது ஒரு வார்த்தை தெரியாது.

நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாயில் திலகவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டேன். அப்பாவு அதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். நான் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கு மடியில் போன் இல்லாத மனுஷி யார்? முத்தம்மாள் மடியிலும்தான் ஒன்று இருந்தது. யாரும் சந்தேகப்படவில்லை. குனிந்து குனிந்து பார்த்ததில் நான் ரொம்ப அடக்கமானவள் என்று தோன்றியிருக்கும்.

மடியில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. பயணம் எப்படி இருந்தது. பேருந்தில் கூட்டம் அதிகம். பெண்ணின் தந்தை இறந்தது மிகவும் வருத்தம். மாப்பிள்ளையின் தந்தை துளசிராமன் ஏன் வரவில்லை என்று அப்பாவு கேட்டான். அவருக்கு முழங்காலில் சற்று வலி, பேருந்தில் ஏறி இறங்க முடியாது என்று திலகவதி சொன்னாள். எழுத்து வந்ததும் நான் அவள் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினேன். என் உச்சுக்கொட்டல் எப்போதும் ஒரு வாக்கியம் பிந்தித்தான் போகும். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

பூமிகா கூல்டிரிங்க்ஸ் கொண்டு வந்து கொடுத்தாள். கேசரி கொடுத்தாள். திலகவதி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைத் தடவினாள். உள்ளே சாப்பாடு தயாராக இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேசரி, காபியோடு எழுந்து போய்விட்டால், யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மாறக் கூடாது. அப்பாவு காலையிலேயே இலைக்கட்டோடு வந்திருந்தான்.

அவன் என் நிபந்தனையை மறக்கவில்லை. அதற்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும். இலை போடச் சொல்வதற்கு முன்னால் மீசை ஆடியது, மடியில் எழுத்து வந்தது.

"பெண் திருமணத்துக்குப் பிறகும் வேலைக்குச் செல்வாள். எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான் கேட்கிறோம்."

திலகவதி சிரித்த முகமாகப் பதில் சொன்னாள். "அதற்கென்ன? தாராளமாகச் செல்லட்டும். நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம்."

எனக்கு மூச்சு லேசானது. அப்பாவு எழுந்து இலை போட உள்ளே போனான். முத்தம்மாள் தங்கை பக்கம் சாய்ந்தாள். குரலைத் தணிக்கக்கூட இல்லை என்று நினைக்கிறேன், வாய் சாதாரணமாகத்தான் அசைந்தது. போனின் மேல் மூலையில் தெலுங்கு என்று ஒரு சின்ன எழுத்து வந்தது. அதன் கீழே தமிழ் ஓடியது.

"ஏன் அப்படிச் சொன்னாய்? இவள் வேலைக்குச் சென்றால் படுத்திருக்கும் மனிதரை யார் பார்ப்பது?"

"இப்போது வாயைத் திறக்காதே அக்கா. தாலி ஏறட்டும். பிறகு வேலையை நிறுத்திவிடலாம். அவரைத் தனியாகத் தூக்கிப் புரட்ட என்னால் முடியவில்லை. என் இடுப்பு போய்விட்டது."

"பையன் என்ன சொல்கிறான்?"

"அவனுக்குத் தெரியும். தந்தைக்காகச் சரி என்று சொல்லிவிட்டான்."

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அக்காவும் தங்கையும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஹாலில் காது கேட்கிற எல்லோருக்கும் அது புரியாத பேச்சு. கேட்காத ஒருத்திக்கு மட்டும் பெரிய எழுத்தில், முற்றுப்புள்ளியோடு கிடைத்துவிட்டது. சிரித்த உதடு அப்படியே நின்றுவிட்டது, அதை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அப்பாவு உள்ளேயிருந்து வந்து, வாங்க என்று கை காட்டினான். இலை வரிசையாகப் போட்டிருந்தது, ஓரத்தில் உப்பு வைத்திருந்தது, நான் வைத்த வத்தக்குழம்பு வாசனை வந்தது. திலகவதி எனக்கு முன்னால் கையை ஊன்றி எழுந்தாள். எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கு இடுப்பு வலிதான். பாவம் என்று நினைத்தேன். ஆனால் என் மகள் அந்த இடுப்புக்கு மாற்று இடுப்பு இல்லை.

வாயைத் திறந்தால் காது கேட்காதது தெரிந்துவிடும். எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்டால் போனைக் காட்ட வேண்டும். இந்தச் சம்பந்தம் போவது மட்டுமில்லை, செவிட்டு அம்மா என்று அடுத்த சம்பந்தத்துக்கும் சேதி போய்விடும். திறக்காவிட்டால் அவர்கள் கை நனைத்துவிடுவார்கள். முத்தம்மாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தே விட்டாள்.

"ஒக்காராதீங்க. ஒண்ணு கேக்கணும்."

என் குரல் எவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்ததை வைத்துப் பெரிதாகத்தான் வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அப்பாவு உள்ளங்கையைக் கவிழ்த்து, தணி, தணி என்று காற்றை அமுக்கினான்.

"உங்க ஊட்டுக்காரரு படுத்த படுக்கையா கீறாராமே. அவரப் பாத்துக்கறதுக்கு எம்பொண்ணு வேலைய உடணுமா?"

எனக்கு எப்போதும் அமைதிதான். ஆனால் எல்லோருடைய வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். திலகவதி மகனைப் பார்த்தாள், இவன் சொல்லிவிட்டானோ என்று. மகன் பூமிகாவைப் பார்த்தான். பூமிகா தரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதை அப்போது பார்த்தேன், யோசிக்கத்தான் நேரம் இல்லை.

நான் போனைத் திருப்பித் திலகவதியிடம் நீட்டினேன். அவள் படித்தாள். அவள் சொன்னதெல்லாம் அவளுக்கே செய்தி வாசிக்கிற தமிழில் வந்திருந்தது. முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. வாய் வேகமாக அசைந்தது. போனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இது என்ன? நாங்கள் பேசியதை ஒட்டுக் கேட்டீர்களா?"

"ஒட்டுக் கேக்கல. எனக்குக் காதே கேக்காது. இது இல்லன்னா நீங்க இன்னா பேசுனீங்கன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது."

முத்தம்மாள் இலையிலிருந்து எழுந்தாள். "காது கேட்காது என்று ஏன் முன்பே சொல்லவில்லை? எங்களை ஏமாற்றினீர்களா?"

"அவரு படுத்துக்கினு கீறாருன்னு நீங்க ஏன் சொல்லல?"

அதற்கு, "இருமல் சத்தம்" என்று மட்டும் வந்தது.

அவர்கள் போய்விட்டார்கள். வாசலில் திலகவதி திரும்பி ஏதோ சொன்னாள். தூரத்தில் இருந்ததால் போன் பாதிதான் பிடித்தது. "நீங்கள் ஒருநாள் வந்து அவரைப் புரட்டிப் பாருங்கள்" என்று இருந்தது. திட்டா, கெஞ்சலா என்று அதில் தெரியாது. எழுத்துக்குக் குரல் கிடையாது. அப்பாவு தலையில் அடித்துக்கொண்டான். மீசை பறந்தது. "குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய். இனி யார் வருவார்கள்?" என்று போன் எழுதியது. அதுகூடப் பெரிய எழுத்துத்தான். அவனும் சாப்பிடாமல் போய்விட்டான். இலைகள் மட்டும் உப்போடு கிடந்தன.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். நான் செய்தது சரி என்றுதான் இருந்தது. என் மகள் நாற்காலி தப்பியது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. வத்தக்குழம்பை மூடி வைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

பூமிகா இலைகளை எடுத்தாள், டம்ளர்களை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். போனை அடுப்பு மேடை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றினேன். ஆப்பை நிறுத்த மறந்துவிட்டேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்தாள். எங்கள் வீட்டில் எனக்குத் தெரியக் கூடாததை எல்லாம் எனக்கு முதுகைக் காட்டிப் பேசுவார்கள். அது ஒரு பழக்கம். சின்ன வயதில் அவளும் அவள் அப்பாவும் அப்படித்தான் என்னைக் கேலி பேசுவார்கள், தோள் குலுங்குவதை வைத்துக் கண்டுபிடித்து நான் கரண்டியோடு துரத்துவேன். இப்போது தோள் குலுங்கவில்லை. போனில் எழுத்து வந்தது.

"எனக்கு முன்பே தெரியும்."

நான் கரண்டியை வைத்தேன்.

"வசந்த் என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டார். அவர் அப்பா படுக்கையில் இருப்பதை, வேலையை விட வேண்டியிருக்கும் என்பதை. நான்தான் சரி என்றேன்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு டம்ளரையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் படிக்கும்போதிலிருந்து உனக்குக் காதாக இருக்கிறேன். வங்கியில் நான், ரேஷன் கடையில் நான், மருத்துவமனையில் நான். அப்பா இறந்த அன்றும் யார் வந்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அழ நேரமில்லை. அந்த வீட்டில் மலம் அள்ள வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, யாருக்கும் காதாக இல்லாமல் கொஞ்ச நாள் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அதையும் நீ கெடுத்துவிட்டாய்."

ஒரு எழுத்துப் பிழை இல்லை. அவள் வாயிலிருந்து வந்தபோது எப்படி வந்ததோ, கோபமாக வந்ததோ, உடைந்து வந்ததோ, போனில் எல்லாம் நேராக, ஒரே அளவில், வரிசையாக நின்றது. முழுசாகப் படித்தேன். மறுபடியும் படித்தேன். நான் காதைக் கொடுத்து அவளுக்கு நாற்காலி வாங்கியதாக இத்தனை நாள் கணக்குப் போட்டிருந்தேன். போன காதுக்குப் பதில் அவளை எடுத்துக்கொண்டது என் கணக்கில் வரவே இல்லை.

இன்னா சொன்ன என்று கேட்டால் ஒண்ணுமில்லம்மா என்பாள். எனக்குத் தெரியாததாகவே அது இருந்துவிடும். நான் அதைக் கேட்கவில்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானே போய்க்கிறேன். நீ லீவு போடாத," என்றேன்.

அவள் தலையை மட்டும் திருப்பினாள். "ஏம்மா? டாக்டரு பேசுறது உனக்கு எப்படிப் புரியும்?"

"போன் கீதில்ல. இனிமே எல்லாத்துக்கும் அது போதும். பேங்குக்கும் அதையே இட்டுக்கினு போறேன்."

அவள் பார்வை மேடை ஓரத்துக்குப் போனது. திரை வெளிச்சமாக இருந்தது. கையில் நுரையோடு ஒரு அடி கிட்டே வந்து குனிந்து படித்தாள். அவள் சொன்னது அவளுக்கும் பெரிய எழுத்தில்தான் தெரிந்தது. என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போய்க் குழாய் முன்னால் நின்றுகொண்டாள்.

போன் கீழே சின்னதாக எழுதியது. "தண்ணீர் ஓடும் சத்தம்." அதற்கடுத்து, "அழுகைச் சத்தம்."

நான் அவள் முதுகைப் பார்த்தேன். முதுகு அசையவில்லை. தோள் குலுங்கவில்லை. கை ஒரே சீராகப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல உளறுகிறது என்று நினைத்தேன், கடுகு வெடித்தால் கைதட்டல் என்று சொல்கிற போன்தானே. மறுபடியும் எழுதியது. "அழுகைச் சத்தம்." பக்கத்து வீட்டிலிருந்து வருகிறதோ என்று ஜன்னலைப் பார்த்தேன். அங்கே அந்த வீட்டுக்காரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூமிகா குழாயை மூடினாள். வேகமாக என்னிடம் வந்தாள். அவள் கண் காய்ந்துதான் இருந்தது. நுரைக் கையாலேயே என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்றாள். அதற்குப் போன் வேண்டியதில்லை. அவள் கட்டைவிரல் என் கன்னத்தில் இழுத்தபோதுதான் அங்கே ஈரம் இருப்பது எனக்குத் தெரிந்தது. தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது, நெஞ்சுக்கூடு திம் திம் என்று அடித்தது. என் வாய் திறந்திருந்தது.

பிறகு அவளும் அழுதாள். அதை நான் பார்த்தேன். போன் ஒருமுறைதான் எழுதியது, இரண்டு பேருக்கும் சேர்த்து.

தெருவுக்கே கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கட்டும்.